கண்ணாடியில் விண்மீன் கண்ட மகளிர்

சென்ற ஆண்டு ஒரு நாள், விஞ்ஞான ஆசிரியர் விடுமுறையில் நின்றமையாற் பத்தாம் வகுப்பினை ஒரு பாடவேளைக்குப் பார்த்துக்கொள்ளும் கடமை எனக்கு வாய்த்தது. கிடைத்த வேளையை வீணாக்காது புணர்ச்சியிலக்கணம் நடத்தலாமென்று புத்தகத்தைத் திறந்தேன். அப்போது பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, விண்மீன்களை ஓ, பீ, ஏ, எப், ஜீ, கே, எம் என்று ஏழு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள். ஏ என்பதல்லவா முதலில் வரவேண்டும்? இந்த ஒழுங்கு ஏன் இப்படிக் குழம்பிக் கிடக்கிறது?" என்று வினவினான். இலக்கணம் படிப்பதைத் தவிர்ப்பதற்கே வினவினான் என்பது எனக்குத் தெரியும். ஆயினும் வினா நல்ல வினா. எழுத்துக்கு எண், பெயர் என்பவற்றோடு முறை என்பதும் ஓர் உறுப்பென்று நன்னூல் படிப்பிக்கின்ற ஒருவன், முறை பிறழ்ந்த எழுத்தைக் கண்டும் காணாதவன்போல் இருத்தல் தகாது. அடுத்த கிழமை விடை சொல்வேன் என்று தவணை பெற்றுக்கொண்டேன்.

விடையைத் தேடிப் புகுந்தபோது நான் கண்டது ஒரு சூத்திரத்தையன்று. ஒரு கூட்டம் மனிதரை. அவருட் பெரும்பாலார் பெண்கள். அவர்களைப் பற்றி அன்று வகுப்பிற் கூறியவற்றையும், நேரம் போதாமையாற் கூறாது விட்டவற்றையும் இவ்விழா மலரைப் படிக்கும் பழைய மாணவர்களுக்கு ஈண்டு எழுதுகின்றேன்.

அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திலே, கேம்பிறிட்ஜ் நகரில் ஹாவாட் பல்கலைக்கழகத்துக்குரிய வான் அவதான நிலையம் ஒன்றுண்டு. 1877ஆம் ஆண்டில் எட்வேட் சாள்ஸ் பிக்கறிங் என்பார் அதன் பணிப்பாளரானார். 1919இல் இறக்கும்வரை அப்பதவியை அவரே வகித்தார். அவர் பதவியேற்ற காலத்தில் வானத்தை ஆராய்வதென்றால் தொலைகாட்டியிற் கண்ணை வைத்துப் பார்ப்பதே வழக்கம். கண் களைக்கும், கண்டதை மறக்கும், ஒருவர் கண்டதை மற்றொருவர் சரிபார்த்தல் இயலாது. ஒளிப்படத் தகடோ மறவாது. மணிக்கணக்காகத் திறந்து வைத்தால், கண்ணுக்குப் புலனாகாத மங்கிய விண்மீனின் ஒளியையும் சிறுகச் சிறுகச் சேர்த்துப் பதித்து வைக்கும். இதனை உணர்ந்த பிக்கறிங், வானம் முழுவதையும் கண்ணாடித் தகடுகளிற் பிடித்துவிடுவதென்று துணிந்தார்.

அத்துணிவுக்குப் பொருள் வந்தது ஒரு கைம்பெண்ணிடமிருந்து. நியூயோர்க்கில் ஹென்றி டிரேப்பர் என்றொரு மருத்துவர் இருந்தார். வானியல் அவருடைய பொழுதுபோக்கு. விண்மீனொன்றின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து, அதன் குறுக்கே ஓடும் கருங்கோடுகள் தெரியும்படி முதன்முதலாக ஒளிப்படமெடுத்தவர் அவரே. அது 1872இல் நிகழ்ந்தது, விண்மீன் வேகா. அவர் 1882இல், நாற்பத்தைந்தே வயதில் இறந்தார். பக்கத்தில் நின்று அவ்வாராய்ச்சிக்கு உதவிய அவர் மனைவி மேரி அன்னா, கணவர் தொடங்கிய வேலை அவரோடு போய்விடலாகாதென்று எண்ணி, 1886 முதல் ஹாவாட்டுக்குப் பணம் வழங்கத் தொடங்கினார். பிற்காலத்தில் எழுந்த பெரும்பட்டியல் இன்றும் ஹென்றி டிரேப்பர் பட்டியல் எனப்படுகின்றது. அதிலுள்ள ஒரு விண்மீனையேனும் அவர் வகுத்தாரல்லர். அதனைக் குற்றமாகச் சொல்கின்றேனல்லேன். கோயிற் கல்வெட்டிலே கல் சுமந்தவன் பெயரா இருக்கின்றது?

வேலையின் முறையைச் சிறிது விளக்குதல் வேண்டும். தொலைகாட்டியின் முகப்பு வில்லைக்கு முன்னே மெல்லிய கண்ணாடி அரியம் ஒன்றைப் பொருத்தினால், தகட்டில் விழும் ஒவ்வொரு விண்மீனும் புள்ளியாக விழாது சிறு பட்டையாக விரிந்து விழும். ஒரே தகட்டில் நூற்றுக்கணக்கான பட்டைகள். ஒவ்வொரு பட்டையிலும் மயிரினும் மெல்லிய கோடுகள். அக்கோடுகளே அவ்விண்மீன் இன்னதென்று கூறும் எழுத்துக்கள். வட வானத்தைக் கேம்பிறிட்ஜிலிருந்து படமெடுத்தனர். தென் வானத்துக்காகப் பெரு நாட்டின் அரெக்கிப்பா நகருக்கு அருகே, மலைப்பாங்கான இடத்தில் ஒரு நிலையம் அமைத்தனர். கதரின் புறூஸ் என்ற சீமாட்டி வழங்கிய ஐம்பதினாயிரம் டொலரைக் கொண்டு செய்த இருபத்துநான்கு அங்குலத் தொலைகாட்டி 1896இல் அங்கே போய்ச் சேர்ந்தது. மலையிலிருந்து இறக்கிக் கப்பலேற்றி அனுப்பிய கண்ணாடிகள் கேம்பிறிட்ஜை அடைந்தன. இவ்வாறு குவிந்த தகடுகளை யார் படிப்பது?

இங்கேதான் நம் கதைக்குரியோர் வருகின்றனர். இன்று கணனி என்று நாம் சொல்லும் பொறிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கொம்பியூட்டர் என்ற பெயர், அக்காலத்தில் ஆளுக்கு வழங்கிய பெயராகும். இருந்து கணக்கிடும் ஊழியர் என்பது பொருள். பிக்கறிங் அவ்வேலைக்குப் பெண்களை அமர்த்தினார். அவர் காலத்தில் எண்பதுக்கு மேற்பட்ட பெண்கள் அங்கே பணிபுரிந்தனர். தொடக்கக்காரருக்கு மணிக்கு இருபத்தைந்து சதம். கிழமைக்கு ஆறு நாள் வேலை. பெண்களின் ஆற்றலை அவர் மதித்தார் என்பதும் மெய். ஓர் ஆணுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் மூன்று நான்கு பெண்களை வைத்துக்கொள்ளலாம் என்று கணக்குப் பார்த்தார் என்பதும் மெய். இரண்டையும் அவரே எழுதிவைத்திருக்கின்றார். அப்பெண்களை அவருடைய அந்தப்புரம் என்று ஏளனஞ் செய்தாரும் உளர். அவ்வேளனம் செய்தோரின் பெயரை இன்று எவரும் நினைப்பதில்லை.

முதல்வி வில்லியமினா பிளெமிங். ஸ்கொத்லாந்தின் டண்டி நகரில் 1857இற் பிறந்தவர். இளமையிலேயே பள்ளியில் மாணவ ஆசிரியையாகப் படிப்பித்தவர். கணவரோடு அமெரிக்காவுக்கு வந்தார். கருவுற்றிருந்த நிலையிற் கணவர் அவரைக் கைவிட்டுச் சென்றார். வயிற்றுப்பாட்டுக்காகப் பிக்கறிங் வீட்டிற் பணிப்பெண்ணாக அமர்ந்தார். ஆண் உதவியாளரின் வேலையிற் சலிப்புற்ற பிக்கறிங், "என் வீட்டு ஸ்கொத்லாந்துப் பணிப்பெண் இதைவிட நன்றாகச் செய்வாள்" என்று சினந்து அவரை அழைத்து வந்தார் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை சுவையானது, அதனாலேயே அதனை முற்றாக நம்ப எனக்கு மனம் வரவில்லை. கற்பித்துப் பழகிய ஒரு பெண்ணின் கூர்மையை ஒரே வீட்டிலிருப்போர் அறிவதற்குச் சினம் எதற்கு? எப்படியாயினும் 1881 முதல் அவர் அவதான நிலையத்தின் நிரந்தர ஊழியரானார். மகனுக்கு எட்வேட் பிக்கறிங் பிளெமிங் என்றே பெயரிட்டிருந்தார்.

பட்டைகளிலே ஐதரசன் வாயுவுக்குரிய கோடுகள் எவ்வளவு அழுத்தமாக உள்ளன என்று பார்த்து, மிக அழுத்தமானவற்றுக்கு ஏ என்றும், அடுத்தனவற்றுக்குப் பீ என்றும், இவ்வாறே கியூ வரையும் எழுத்துக்களை இட்டவர் பிளெமிங். 1890இல் அம்முறையில் 10,351 விண்மீன்களைக் கொண்ட முதற் பட்டியல் வெளிவந்தது. அட்டையிற் பிக்கறிங்கின் பெயர் இருந்தது. பிளெமிங்கின் பெயரை உள்ளே முன்னுரையிற் காணலாம். 1888இல் ஒரு தகட்டிலே, ஒளிரும் முகிலின் நடுவே குதிரையின் தலைபோலக் கறுத்திருந்த வடிவமொன்றை அவர் கண்டு குறித்தார். குதிரைத்தலை நெபுலா என்று சிறுவர் புத்தகங்களிலும் இன்று படம் போடுகின்றார்களே, அதுதான். 1895இல் வெளிவந்த ஒரு பெரிய வான்பொருட் சுட்டியில், அவர் கண்டவை பிக்கறிங்கின் கணக்கில் எழுதப்பட்டன. 1908இல் வந்த அதன் அடுத்த பகுதியிலேதான் கண்டவர் பெயர் வந்தது.

1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில், வருங்காலத்தார் பார்க்கட்டுமென்று ஹாவாட் பல்கலைக்கழகம் தன் ஊழியர் பலரிடம் நாட்குறிப்பு எழுதி வாங்கிப் பெட்டியில் வைத்தது. பிளெமிங்கும் எழுதிக்கொடுத்தார். மற்றையோர் புத்தகங்களை விட அதைப் படிக்கும்போதே எனக்கு நெஞ்சு கனத்தது. அவர் அப்போது ஒளிப்படங்களின் காப்பாளர் என்ற பதவியைப் பெற்றிருந்தார், பத்துப் பன்னிரண்டு பெண்களின் வேலையை மேற்பார்த்தார், அச்சுப்பிரதிகளைத் திருத்தினார். சம்பளம் ஆண்டுக்கு 1500 டொலர். ஆண் உதவியாளருக்கோ 2500. சம்பளத்தைப் பற்றிப் பணிப்பாளரிடம் பேசினால், பெண்களின் சம்பளம் இருக்கும் நிலையில் இது மிக நல்ல சம்பளம் என்று விடை வருகின்றது என அவர் குறித்திருக்கின்றார். எனக்கு வீடு நடத்தவேண்டும், மகனைப் படிப்பிக்கவேண்டும் என்பது இவருக்குத் தோன்றுவதில்லையா என்பது அவருடைய ஏக்கம். மகன் அப்போது பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். இத்தனையும் எழுதிய அதே கையே, வேலையை விட்டுவிட எண்ணாது மறுநாளும் தகட்டைத் தூக்கியது. 1911இல் அவர் நியூமோனியாவால் இறந்தார். அதற்குள் பத்துப் புதுமீன்களையும் முந்நூறுக்கு மேற்பட்ட மாறொளி விண்மீன்களையும் கண்டுபிடித்திருந்தார்.

இரண்டாமவர் வேறு வார்ப்பு. அன்ரோனியா மோரி, ஹென்றி டிரேப்பரின் மருமகள், அதாவது உடன்பிறந்தாள் மகள். வாசர் கல்லூரியிற் கற்றுத் தேறியவர். பிளெமிங்கின் எழுத்து முறை அவருக்குப் போதவில்லை. கோடு உண்டா இல்லையா என்று மட்டும் பார்த்தாற் போதுமா, அது அகன்றதா ஒடுங்கியதா, கூர்மையானதா மங்கியதா என்றும் பார்க்கவேண்டாமா என்று கேட்டுத் தாமே ஒரு நுண்ணிய வகுப்புமுறை கண்டார். பிக்கறிங்குக்கு வேண்டியதோ விரைவு. அவர் அவசரப்படுத்தினார், மோரி அவசரப்பட மறுத்தார். தாம் செய்த வேலைக்குத் தம் பெயரிடல் வேண்டுமென்றும் வாதாடினார். இடையே நிலையத்தை விட்டு விலகிப் போய்ப் பாடசாலையிற் படிப்பித்தார். 1897இல் அவருடைய 681 விண்மீன்களின் பட்டியல் வெளிவந்தபோது, முகப்பில் அவர் பெயர் அச்சாகியிருந்தது. ஹாவாட் அவதான நிலையத்தின் நூல்வரிசையில் ஒரு பெண்ணின் பெயர் முகப்பேறியது அதுவே முதன்முறை.

அவருடைய முறை சிக்கலானதென்று ஒதுக்கப்பட்டது. ஆனால் டென்மார்க்கில் ஹேட்ஸ்பிரங் என்ற இளைஞர் 1905 அளவில் அப்பட்டியலைப் படித்து, மோரி சீ என்று குறித்த ஒடுங்கிய கோட்டு விண்மீன்கள் மற்றையவற்றிலும் பன்மடங்கு பெரிய ஒளியுடையன என்று கண்டறிந்தார். அரக்க விண்மீன், குறள் விண்மீன் என்று இன்று பிரிக்கும் பிரிவுக்கு அடிப்படை அதுவே. அவ்வேறுபாட்டைக் கைவிடுதல் திமிங்கிலத்தையும் மீனையும் ஓரினமாக்குவது போலாகும் என்ற கருத்துப்பட ஹேட்ஸ்பிரங் பிக்கறிங்குக்கு எழுதினார். பிக்கறிங் மாறவில்லை. பிடிவாதக்காரியென்று பெயர் வாங்கிய மோரியின் பிடிவாதமே சரியான பிடிவாதம் என்பது என் எண்ணம்.

இப்போது மாணவனின் வினாவுக்கு வருவோம். அனி ஜம்ப் கனன் 1863இல் டெலவயர் மாநிலத்திற் பிறந்தவர். வீட்டு மேன்மாடத்தில் தாயோடிருந்து விண்மீன் பெயர் பயின்றவர். செவிப்புலன் பெரிதும் குன்றியவர். 1896இல் ஹாவாட்டுக்கு வந்தார். பிளெமிங்கின் முறையையும் மோரியின் முறையையும் அருகருகே வைத்துப் பார்த்தார். பிளெமிங் இட்ட எழுத்துக்களிற் பல வேண்டாதவை என்று நீக்கினார். எஞ்சியவற்றை, ஒரு வகுப்பின் கோடுகள் படிப்படியாக அடுத்த வகுப்பின் கோடுகளாக மாறிச் செல்லும்படி அடுக்கினார். அப்படி அடுக்கியபோது பீ என்பது ஏக்கு முன்னே போய் நின்றது; ஓ என்பது அதற்கும் முன்னே போயிற்று. எழுத்துக்களை மாற்றி இடலாமே என்றால், ஆயிரக்கணக்கான விண்மீன்கள் ஏற்கெனவே அவ்வெழுத்துக்களோடு அச்சாகிவிட்டன. ஆகவே பழைய பெயரும் புதிய முறையும் சேர்ந்து நின்றன. ஓ, பீ, ஏ, எப், ஜீ, கே, எம். இதுதான் குழப்பத்தின் வரலாறு.

அவ்வடுக்கு வெப்பத்தின் அடுக்கு என்பது பின்னரே தெளிவாயிற்று. ஓ வகுப்பு நீலநிறம் பொருந்திய பெருவெப்பம். எம் வகுப்பு செந்நிறம் பொருந்திய குறைவெப்பம். நமது சூரியன் இடையே ஜீ வகுப்பு. மிக்க வெப்பத்திலும் மிகக் குறைந்த வெப்பத்திலும் ஐதரசன் கோடுகள் ஏன் மெலிகின்றன என்பதற்குக் காரணங் கூறும் சமன்பாட்டை 1920இல் வெளியிட்டவர் இந்தியராகிய மேகநாத் சாகா. கண்ணாற் கண்ட ஒழுங்கை மட்டும் நம்பிக் கனன் அடுக்கியது, காரணம் தெரிந்தபோதும் கலையவில்லை. 1922இல் அனைத்துலக வானியற் சங்கம் அம்முறையை ஏற்றுக்கொண்டது.

அவர் வேலை செய்த விதத்தைச் சொல்லாமல் விடமுடியாது. சாய்ந்த சட்டத்திலே தகட்டை வைத்து, கண்ணாடியிற் பட்டு வரும் பகலொளியில், பூதக்கண்ணாடியாற் பட்டையைப் பார்த்து வகுப்பைச் சொல்வார். பக்கத்தில் ஒருத்தி எழுதிக்கொள்வாள். ஒரு நிமிடத்துக்கு மூன்று விண்மீன் என்ற விரைவு. 1911 முதல் 1915 வரை மாதந்தோறும் ஐயாயிரம் அளவில் வகுத்தார். 225,300 விண்மீன்கள் ஒன்பது பகுதிகளாக 1918 முதல் 1924 வரை வெளிவந்தன. எழுதிக்கொண்ட அந்தப் பெண்களையும் நான் நினைக்கின்றேன். செவி மந்தமான ஒருவர் சொல்ல, மற்றவர் எண் பிழையாது எழுத, இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட வரிகள்! முப்பத்தைந்து பேரின் புள்ளிகளைப் பதிவேட்டில் ஏற்றும்போதே எனக்கு இரண்டிடத்தில் எண் இடம்மாறிவிடுகின்றது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் 1925இல் கனனுக்கு மதிப்புறு கலாநிதிப் பட்டம் வழங்கியது. அவருடைய சொந்தப் பல்கலைக்கழகமோ முறையான பதவியொன்றை வழங்க 1938 வரை காத்திருந்தது. அப்போது அவருக்கு எழுபத்தைந்து வயதாகும் தறுவாய்.

ஹென்றியற்றா லெவிற் பற்றி எழுதும்போது என் பேனா தாமதிக்கின்றது. அவர் 1868இற் பிறந்தவர். ஒரு மதகுருவின் மகள். பட்டப்படிப்பு முடித்து ஹாவாட்டுக்கு வந்தபோது சம்பளமின்றித் தொண்டராகவே சேர்ந்தார். நானும் நியமனம் கிடைக்குமுன் இரண்டாண்டு தொண்டர் ஆசிரியனாக ஒரு பள்ளியில் இருந்தவன். மாத முடிவில் எல்லாரும் கையொப்பமிடும் நாளிலே வகுப்பறையை விட்டு வெளியே வராதிருப்பது எப்படியென்று எனக்குத் தெரியும். லெவிற்றுக்கும் செவிப்புலன் தேய்ந்து வந்தது. உடல்நலமும் அடிக்கடி குன்றியது. 1902இல் மீண்டு வந்தபோது மணிக்கு முப்பது சதம் தரப்பட்டது.

அவருக்கு வாய்த்த வேலை மாறொளி விண்மீன்களைத் தேடுதல். ஓரிரவின் தகட்டின்மேல், வேறோர் இரவின் தகட்டை நேர்ப்படமாக்கி ஒட்டி வைத்தால், மாறாத விண்மீன்கள் ஒன்றையொன்று மறைக்கும். மாறியது மட்டும் கண்ணிற் படும். அரெக்கிப்பாவிலிருந்து வந்த தகடுகளில் மகெல்லன் முகில்கள் எனப்படும் இரண்டு ஒளித்திட்டுக்களை ஆராய்ந்து, 1908இல் 1777 மாறொளி விண்மீன்களை வெளியிட்டார். அவற்றுட் பதினாறுக்குத் துடிப்புக் காலத்தையும் கணித்து, ஒளி மிகுந்தவற்றுக்குக் காலமும் நீண்டிருப்பது கவனிக்கத்தக்கது என்று ஒரு வாக்கியம் எழுதினார். 1912இல் இருபத்தைந்து விண்மீன்களைக் கொண்டு அதனை உறுதிப்படுத்தினார்.

இதன் பெருமையை ஓர் உவமையாற் காட்டலாம். இரவிற் கடற்கரையில் நின்று தொழிலுக்குப் போன வள்ளங்களின் விளக்குகளைப் பார்க்கின்றோம். ஒரு விளக்கு மங்கலாகத் தெரிந்தால், அது சிறிய விளக்கா, தொலைவிலுள்ள பெரிய விளக்கா என்று கரையில் நிற்பவன் அறியான். விளக்கு இத்தனை பெரிதென்று வேறு வழியால் தெரிந்துவிட்டால், மங்கலைக் கொண்டு தூரத்தைச் சொல்லிவிடலாம். லெவிற் கண்டது அந்த வேறு வழியாகும். சிறிய முகிலிலுள்ள விண்மீன்கள் யாவும் நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தூரத்தில் இருத்தலால், அவற்றிடையே தெரியும் ஒளிவேறுபாடு மெய்யான வேறுபாடே. எனவே துடிக்கும் காலத்தை அளந்தால் விளக்கின் அளவு தெரியும். அளவு தெரிந்தால் தூரம் தெரியும். 1923 ஒக்ரோபரில் எட்வின் ஹபிள் அந்திரோமீடா நெபுலாவில் அவ்வகை விண்மீனொன்றைக் கண்டு, அது நம் பால்வீதிக்கு மிகவும் அப்பாலுள்ள வேறொரு விண்மீன்பேரூர் என்று காட்டியது இந்த அளவுகோலைக் கொண்டேயாம்.

1912ஆம் ஆண்டுச் சுற்றறிக்கை பிக்கறிங்கின் கையொப்பத்தோடு வந்தது. இது செல்வி லெவிற் ஆக்கியது என்பது அதன் முதல் வாக்கியம். அது நேர்மையே. ஆனால் தாம் கண்ட வழியிலே மேலும் செல்ல அவருக்கு விடை கிடைக்கவில்லை. வட துருவத்துக்கு அருகிலுள்ள விண்மீன்களின் ஒளியளவைத் தரப்படுத்தும் வேலை அவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நிலையத்துக்கு அதுவே முதன்மையான வேலை. பலர் கூடிச் செய்யும் வேலையில் இன்னாருக்கு இன்னது என்று பங்கிடும் ஒருவர் வேண்டும். அப்பங்கீடு சிலவேளைகளில் ஒரு மனிதரின் ஆயுளைத் தின்றுவிடும். பிற்காலத்தில் அதே நிலையத்திற் பணிபுரிந்த சிசீலியா பெய்ன், அது கொடிய முடிவென்றும், மாறொளி விண்மீன் ஆராய்ச்சியைப் பல்லாண்டு பின்தள்ளியதென்றும் எழுதினார். அவர் சொல்லத் தகுதியுடையவர். கனனின் தகடுகளைக் கொண்டு, விண்மீன்களிற் பெரும்பகுதி ஐதரசனே என்று 1925இல் ஆய்வேட்டில் முதலிற் காட்டியவர் அவர்; அதனைப் பெரியோர் ஒருவரின் சொற்கேட்டு, பெரும்பாலும் மெய்யாக இருக்கமுடியாது என்று தாமே எழுதவேண்டி வந்தவரும் அவரே. நான்காண்டின் பின் அப்பெரியோரே அது மெய்யென்று ஒப்புக்கொண்டார்.

லெவிற் 1921 திசெம்பர் 12ஆம் நாள் புற்றுநோயால் இறந்தார். 1925இல் சுவீடன் நாட்டுக் கணித அறிஞர் மிற்றாக்-லெப்லர், நோபெற் பரிசுக்கு அவர் பெயரை முன்மொழிய விரும்பி, அவருடைய பெயருக்கே கடிதம் எழுதினார். இறந்து மூன்றாண்டுக்கு மேலாயிற்று என்பது அவருக்குத் தெரியாது.

அடுத்த கிழமை வகுப்பில் இவ்வளவையும் நான் சொல்லி முடிக்குமுன் மணி அடித்துவிட்டது. வினாவிய மாணவன் வாசலில் நின்று, "ஐயா, அந்தத் தகடுகள் இப்போதும் இருக்கின்றனவா?" என்று கேட்டான். இருக்கின்றன. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டவை கேம்பிறிட்ஜில் அதே நிலையத்தில் அடுக்கப்பட்டுள்ளன. வேகா இன்றும் அப்பட்டியலில் 172167ஆம் இலக்கம். 209458ஆம் இலக்க விண்மீனின் முகத்தைக் கடந்து ஒரு கோள் செல்வதை 1999இற் கண்டனர். தகடுகளிலுள்ள பழைய வானத்தை இன்றைய ஆராய்ச்சியாளர் பயன்படுத்தும்பொருட்டு, அவற்றைக் கணனியிற் பதியும் வேலை இந்நூற்றாண்டில் நடைபெற்றது. பதிவதற்கு ஓர் இடையூறு இருந்தது. கண்ணாடியின் பின்புறத்தில், விண்மீன்களைச் சுற்றி, அப்பெண்கள் மையால் இட்ட வட்டங்களும் அம்புக்குறிகளும் எண்களும் அப்படியே இருந்தன. ஆகவே முதலில் அம்மைக்குறிகளைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு கண்ணாடியைத் துடைத்தார்கள். சில தகடுகளை மட்டும் துடைக்காமலே விட்டார்கள்.